மற்றவை

ஆளில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?
பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்.
ஓடாத மின்மீட்டர், விக்கி நிற்கும் தபால்பெட்டி,
முழங்கால் உயரப் புல்.
சந்தேகமிருந்தால் பக்கத்து வீட்டில் கேள்.

ஒஹாயோ ஆற்றோரம், கண்ணாடித் தொழிற்சாலை மூடியபின்
மிஞ்சிய எட்டுத் தெருக்கள் என் பங்கு.
நாலு மாதம் கேட்பேன், எட்டு மாதம் விடுவேன்,
மறுபடி நாலு மாதம்
அதே கதவுகள், அதே கைமுட்டி.

காலிக்கும் வகையுண்டு படிவத்தில்:
வாடகைக்கு. விற்பனைக்கு.
விற்றாயிற்று, இன்னும் குடிவரவில்லை.
கோடைக்கு மட்டும் வந்து போவது.
எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சின்னக் கட்டம்:
மற்றவை.

பதினேழாம் எண் வீட்டில்
விற்பனைப் பலகை நின்றது, புல்லோ ஒட்ட வெட்டியிருந்தது.
யாரோ வந்துவிட்டார்கள் போல என்று
இரண்டு முறை தட்டினேன்.
தட்டிய சத்தம் மாடிவரை போய்
ஒருவரையும் காணாமல் இறங்கி வந்தது.

"நான்தான் வெட்டுகிறேன்," என்றார் பக்கத்து வீட்டுக் கேசிமிர்.
"ஒன்பது வருஷமாக. என் புல்லோடு சேர்த்து.
கூட ஒரு குவளை பெட்ரோல், அவ்வளவுதான்."
ஏன் என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை.
கேட்டேன்.
"என் சமையலறை ஜன்னலில்
அந்த வீடுதானே தெரிகிறது."

ஞாயிற்றுக்கிழமை இரவு
பாஸ்டன் பக்கமிருந்து பிரைடி கூப்பிடுவாள்.
மூன்று பேர் எடுத்த வாடகை வீட்டில்
கூடத்தைத் திரைபோட்டுப் பிரித்த மூலையில்
நாலாவது ஆள் என் மகள்.
"இன்றைக்கு ஓர் அறை பார்க்கப் போனேன் அம்மா.
வரிசை படியில் தொடங்கித் தெருமுனை வரை.
எனக்கு முன்னால் நின்றவன் கையில்
அவன் நாய்க்கு நற்சான்றிதழ்!"
சிரித்தாள். சிரித்து முடித்தபின்
திரைக்கு அப்பால் யாரோ கரண்டி கழுவுவது மட்டும் கேட்டது.

இங்கே நாற்பத்தொரு வீட்டுச் சாவி
எந்த ஊரில், யார் மேஜை இழுப்பறையிலோ.
கிளம்பி வா என்று நாக்குவரை வரும்.
வந்து?
அவள் டயாலிசிஸ் கருவி ஓட்டுபவள்.
இங்கிருந்த மருத்துவமனையும் காலிதான்.
யாரும் குடியிருக்கும் இடமல்ல என்பதால்
என் பட்டியலில் அது இல்லை.

அடுத்த சுற்றில் பலகையைக் காணோம்.
விற்றுவிட்டதா?
கேசிமிர் தரையைக் காட்டினார். குப்புற விழுந்து கிடந்தது.
"பீனிக்ஸில் இருக்கும் மகனுக்கு ஃபோன் போட்டேன்,
நிமிர்த்தி வைக்கட்டுமா என்று.
கிடக்கட்டும் என்றான்."

விற்பவன் கைவிட்டால் அது விற்பனைக்கில்லை.
விற்பனைக்கில்லாத காலி
விகிதத்தில் சேராது.
விரலை நகர்த்தி, சின்னக் கட்டத்தைத் தொட்டேன்.

காலாண்டு எண்கள் வந்தன.
வடகிழக்கு, மத்திய மேற்கு, தெற்கு, மேற்கு.
இத்தனை பெரிய நாடு நாலு வரியில்,
வரிக்கு இரண்டு எண், வாடகைக்கு ஒன்று, சொந்தத்துக்கு ஒன்று,
புள்ளிக்கு அப்பால் ஒற்றை இலக்கம்.
எங்கள் பக்கத்துக் காலி வீடுகள் குறைகின்றன,
சந்தை தேறுகிறது என்றது கார் வானொலி.
பதினேழாம் எண்ணைக் கடந்துகொண்டிருந்தேன்.

நிறுத்தினேன்.
முற்றம் முழுக்க ஒட்ட வெட்டிய புல்.
விழுந்த பலகையைச் சுற்றி மட்டும்
புல்வெட்டி வளைந்து போயிருந்தது.
அங்கே நெடுநெடுவென வளர்ந்து,
நாலு பக்கமும் கோடு போட்டாற்போல்
ஒரு கட்டம்.

"இதை எதில் எழுதினீர்கள், மிஸஸ் ஹாலோரன்?"
"மற்றவை என்று."
கேசிமிர் புல்வெட்டியின் கயிற்றை இழுத்தார். பிடிக்கவில்லை.
மறுபடி இழுத்தார்.
"எதைத் தவிர?" என்றார்,
நான் பதில் சொல்லுமுன்
எஞ்சின் பிடித்துக்கொண்டது.